61-ஆம் காட்சி

கயலுக்கு,

உன் திரைக்கதையின் முதல் தொண்ணூறு பக்கம் வந்து மூன்று மாதமாகிறது. மீதியைக் காணோம். கூட வைத்திருந்த துண்டுச்சீட்டில் "நலம்" என்று மட்டும் இருந்தது. முன்பெல்லாம் "இருவரும் நலம்" என்று எழுதுவாய். அம்மா ஏதோ கேட்கச் சொன்னாள், அது பிறகு. கதைக்கு வருகிறேன்.

வசனத்தில் உன் கை சுத்தம். பத்தாம் பக்கத்துக்குள் இருவரையும் சந்திக்க வைத்துவிட்டாய், அதுவும் சண்டையில். படித்துவிட்டு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் எந்த வகைக் காதல் படம் என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. தடை எங்கே இருக்கிறது என்று பார், வகை தெரிந்துவிடும். காதல் நகைச்சுவையில் தடை அவர்களுக்குள்ளேயே இருக்கும்: வீம்பு, பயம், சொல்லிவிட்ட ஒரு பொய். அது கரையும், அதனால் சேர்ந்து முடியலாம். 1934-இல் வந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு போர்வைதான் இருவருக்கும் நடுவே சுவர். கடைசியில் அது விழுவதோடு படம் முடிகிறது. மெலோடிராமாவில், அதாவது அழவைக்கும் உணர்ச்சிப் படத்தில், தடை வெளியே நிற்கும்: கடமை, ஏற்கெனவே நடந்த கல்யாணம், நோய். அழுதாலும் நகராது. வரலாற்றுக் காதல், மாயக் காதல் எல்லாம் மேலே போடுகிற உடுப்பு. உள்ளே தடை எங்கே என்று அங்கேயும் கேட்டாக வேண்டும்.

நீ முதல் வகையில் தொடங்கி, 61-ஆம் காட்சியில் இரண்டாவதற்குத் தாவுகிறாய். அவள் கூப்பிடுகிறாள், அவன் எடுக்கவில்லை, அதற்குப் பிறகு இருபது பக்கம் பேச்சே இல்லை. ஒரு போனில் தீர்ந்துவிடக்கூடிய பிரிவைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கோபம் வந்தால் அவன் வாயை மூடிக்கொள்கிறவன் என்றால், முதல் முப்பது பக்கத்துக்குள் ஏதாவது அற்ப விஷயத்தில் அதைக் காட்டிவிடு. அவன் அப்படிப்பட்டவனா, கயல்? கதையில் வருகிறவனைத்தான் கேட்கிறேன்.

டேவிட் லீனின் 'ப்ரீஃப் என்கவுன்டர்' (1945) படத்தை மறுபடி பார். அதே பிரிவு, தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. ரயில் நிலைய உணவகத்தில் தெரிந்த பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறாள். நாயகன் எழுந்து, நாயகியின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போகிறான். இரண்டாம் முறை அந்தக் கையைப் பார்க்கும்போது தாங்க முடியாது. கதை முழுவதையும் அவள் தன் கணவரிடம் மனதுக்குள்தான் சொல்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அவர் கடைசியில், ரொம்ப தூரம் போயிருந்தாய், திரும்பி வந்ததற்கு நன்றி என்கிறார்.

நானும் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயதில் நீ முதல் காதல் காட்சியை எழுதிக் காட்டியபோது ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தேன். யாரை நினைத்து எழுதினாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் பக்கக் கணக்கைத்தான் கேட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது.

மீதியை அனுப்பு. முடிவு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சேர்வதா பிரிவதா என்று இப்போதே தீர்மானிக்காதே, தடை எங்கே என்று மட்டும் பார். பக்கம் வராவிட்டால் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி. எதையும் திருத்த மாட்டேன்.

அப்பா