மலைநாட்டு ஈரத்துக்கு அலுமாரி செய்கிறவர்களுக்கு: பலகையில் அறுத்த திகதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு நேரத்தில் தாமே மரவேலை செய்து பார்க்கும் ஆர்வம் அட்டன், நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் பலருக்கு உண்டு. முக்காலி, புத்தகத் தட்டு என்று தொடங்குகிறவர்கள் அடுத்துக் கைவைப்பது அலுமாரியில். ஆறரை அடி உயரம், நாலடி அகலம், 22 அங்குல ஆழம், இரட்டைக் கதவு, இரண்டு லாச்சி என்று பாடுபட்டுச் செய்து முடித்த அலுமாரி, பெப்ரவரி வெயிலில் பக்கப் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து நிற்கிறது. அல்லது அடைமழையில் கதவு இறுகித் திறக்க மறுக்கிறது. உடனே மரத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் மரத்தில் பிழையிருக்காது. பலகை காயாமல் வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கும், அல்லது அது அசைய இடம் விடாமல் கட்டப்பட்டிருக்கும். தடுக்கக்கூடிய நஷ்டம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு தன் ஈரத்தைச் சமப்படுத்திக்கொண்டே இருக்கும். காற்றின் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் வீதம்) 65 வீதமாக உள்ள அறையில் மரத்தின் ஈரம் 12 வீதத்தில் வந்து நிற்கும். 80 வீதமானால் 16. 90 வீதமானால் ஏறக்குறைய 20. கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும். பதுளை, பண்டாரவளைக்கு மழை வருடக் கடைசியில்தான் கனக்கும். அதனால் மலையின் ஒரு பக்கத்தில் செய்த அளவை மறுபக்கத்துக்காரர் மாதம் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது. பலகையின் ஈரம் 4 வீதம் ஏறி இறங்கினால், 16 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை சுமார் 3 மில்லிமீற்றர் அகன்று சுருங்கும். மகோகனி என்றால் 4 மில்லிமீற்றர். வளையங்களுக்குக் குறுக்காக, நடுமரத்தை நோக்கி அறுத்த தேக்குப் பலகையில் இது ஏறக்குறையப் பாதிதான். நீளப்பாட்டில் அசைவு கணக்கிலெடுக்கும் அளவுக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாடுதான் அலுமாரி வேலையின் உயிர்: அகலத்தில் அசையும் பலகையின் குறுக்கே, நீளத்தில் அசையாத சட்டத்தைப் பசை போட்டு ஆணியும் அடித்து இறுக்கினால், ஒன்று பலகை வெடிக்கும் அல்லது மூட்டு விடும். 22 அங்குலப் பக்கத்தை ஒரே பலகையாக ஒட்டி, உள்ளே தட்டு தாங்கும் கட்டையைப் பசையால் ஒட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். அந்தக் கட்டையை வைத்தேயாக வேண்டுமென்றால் முன் முனையில் மட்டும் இறுக்கி, மற்றத் திருகாணிகளுக்கு நீள்துளை விடுங்கள்.

எந்த மரம்? முதல் அலுமாரிக்குத் தேக்கு வேண்டாம். தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு, அதாவது கிரெவிலியா, உளிக்கும் சீவுளிக்கும் வளைந்து கொடுக்கும். நடுமரத்தை நோக்கி அறுத்தால் முகத்தில் வெள்ளி மின்னும் கோலம் வரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், ஆகவே முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அவசியம். வெளிறிய ஓரப் பகுதியை வெட்டி நீக்குங்கள், உளுக்கும் வண்டு முதலில் தேடுவது அதைத்தான். வீட்டு வளவில் நிற்கும் பலாவை வெட்டி அறுக்க நினைக்கிறவர்கள் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மரத்தைக் கொண்டுசெல்லும் அனுமதி பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.

மேலே சொன்ன அளவுக்கு 3க்கு 1 அங்குலச் சட்டம் 71 அடி வரும். சட்டங்களின் நடுவே செருகும் உள்பலகைகளுக்கு 31 சதுர அடி, மேல் கீழ் பலகைகளோடு தட்டுகளுக்கு 35 சதுர அடி. லாச்சி, அடிப்பீடம், மேல்விளிம்பு எல்லாம் சேர்த்து 8 கன அடி. வெடிப்பு, கணு, வெட்டுக்கழிவுக்கு 10 கன அடிக்குக் குறையாமல் வாங்குங்கள். முதுகுக்கு 6 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு 8க்கு 4 தாள் போதும்.

"காய்ந்த மரம்" என்று சொல்லி வாங்கிய பலகையை நம்பாமல் நிறுத்துப் பாருங்கள். முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, குறுக்கே ஓர் அங்குலத் துண்டு வெட்டி எடுங்கள். முனைத்துண்டே உதவாது, ஏனென்றால் முனை முதலில் காய்ந்துவிடும். உடனே நிறுத்து, மின் போறணையில் 103 பாகை செல்சியசில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுங்கள். 130 கிராம் இருந்த துண்டு 104 கிராமில் நின்றால், குறைந்த 26ஐ 104ஆல் வகுக்க 25 வீதம் ஈரம். அந்தப் பலகையில் கைவைக்கக் கூடாது. நமது வீடுகளுக்கு 14 வீதத்தை ஒட்டி வந்தால்தான் வேலைக்கு ஆகும்.

காயவைக்க, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, மழை படாத, காற்று ஊடுருவும் தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலக் குச்சி, 18 அங்குலத்துக்கு ஒன்று, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில். குச்சி விலகினால் பலகை அந்த இடத்திலேயே வளைந்து காயும். அறுத்த அன்றே இரு முனைகளிலும் தடிப்பாகப் பெயின்ற் பூசுங்கள், இல்லாவிட்டால் முனை வெடிப்பு ஓரடி உள்ளே ஓடும். ஓர் அங்குலப் பலகைக்கு இங்கே ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். பிறகு அலுமாரி நிற்கப்போகும் அதே அறையில் சில வாரம் கிடக்கட்டும். அடுப்புக்கு மேலே பரணில் போட்டு அவசரமாகக் காயவைப்பது விறகுக்குச் சரி, பலகைக்கு ஆகாது. மேற்பரப்பு சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரம் இருப்பதால் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும், பின்னர் நெடுக அறுக்கும்போது பலகை வாளைக் கவ்வும்.

கட்டும் முறைக்கு வருவோம். பக்கங்களும் கதவுகளும் சட்டமும் உள்பலகையுமாக இருக்கட்டும். சீவியபின் சட்டம் 22 மில்லிமீற்றர் தடிப்பு நிற்கும், கழுந்து (துளைக்குள் செருகும் முனை) அதில் மூன்றிலொன்று, அதாவது 8 மில்லிமீற்றர், நீளம் 50. காடி (உள்பலகை உட்காரும் பள்ளம்) 8 மில்லிமீற்றர் அகலம், 12 ஆழம். கீழ்க் குறுக்குச்சட்டம் 6 அங்குலம் வைத்தால் அதற்கு ஒரே அகலக் கழுந்து போடாதீர்கள். அது சுருங்கித் துளையில் ஆடும். நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கழுந்துகளாகப் பிரிக்க வேண்டும்.

உள்பலகையின் அகலத்தை மாதம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் செய்கிறீர்களா, பலகை விரிந்த நிலையில் இருக்கிறது. காடியின் அடிக்கு ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீற்றர் மட்டும் விடுங்கள். வரண்ட மாதத்தில் செய்தால் 3 மில்லிமீற்றர். காடிக்குள் ஒரு துளி பசையும் போகக் கூடாது. மேலேயும் கீழேயும் நடுவில் ஒரேயொரு சின்ன ஆணி போதும், சுருக்கம் இரு பக்கமும் சமமாகப் பிரியும். உள்பலகையைச் சட்டத்தில் கோர்ப்பதற்கு முன்பே அதற்குப் பொலிஷ் அடித்துவிடுங்கள். கோர்த்தபின் அடித்தால், அடுத்த வரட்சியில் பலகை உள்வாங்கும்போது விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியும். முன்பக்கம் மட்டும் அடித்து உட்பக்கத்தை வெறுமனே விடுவதும் பலகையை வளைக்கும்.

நீளமான கிளாம்ப் இல்லாதவர்கள் கழுந்தை முளையால், அதாவது மரக்குச்சியால், இழுத்து இறுக்கலாம். கழுந்து நுழையும் துளைச்சட்டத்தில் 8 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, கழுந்தைச் செருகி, அதே துளைக்கருவியின் முனையால் கழுந்தின் மீது புள்ளி பதியுங்கள். கழுந்தை உருவி, அந்தப் புள்ளியிலிருந்து தோள் (கழுந்து தொடங்கும் விளிம்பு) பக்கமாக ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளி ஓட்டை போடுங்கள். நன்றாகக் காய்ந்த வைரமான குச்சியை நுனி கூராக்கி அடிக்கும்போது, அது வளைந்து வளைந்து உள்ளே போய்த் தோளைச் சட்டத்தோடு அப்படியே உறிஞ்சி எடுக்கும். தள்ளல் 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் முளை முறியும் அல்லது கழுந்தின் நுனி பெயரும். எதிர்த்திசையில் தள்ளினால் மூட்டு திறக்கும், ஆகவே துளைக்கு முன் தோள் எந்தப் பக்கம் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்வது நல்லது. பிறகு மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் பசை காயுமுன் தள்ளி நேராக்கிவிட வேண்டும்.

வெள்ளைப் பசையை நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவில் போடாதீர்கள். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனால் பல பசைகள் படலமாக ஒட்டாமல் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்துப்போகும். பார்க்க ஒட்டியது போலிருக்கும், பலம் இருக்காது. போத்தலில் குறைந்த வெப்பநிலை அச்சடித்திருக்கும். பகல் பத்து மணிக்குப் போட்டு, மரத்தையும் பசையையும் முதலில் அறைக்குள் சூடேற விடுங்கள்.

நாலடித் தட்டு துணிப்பாரத்தில் நிச்சயம் தொய்யும். நடுவே ஒரு தடுப்பு வைத்து நீளத்தைப் பாதியாக்கினால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டிலொன்றாகக் குறையும். தடிப்பைக் கூட்டுவதைவிட இதுவே மலிவு.

கதவுக்கும் கதவுக்கும் இடையே மழைக்காலத்தில் 2, வரட்சியில் 3 மில்லிமீற்றர் விடுங்கள். ஒரு கதவுக்கு 3 அங்குலப் பித்தளைப் பிணைச்சல் மூன்று. பித்தளைத் திருகாணி வைரமான மரத்தில் தலை முறியும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கிவிட்டு, பின்னர் சவர்க்காரம் தடவிய பித்தளையைப் போடுங்கள். ஒரு கதவு தாழ்ந்து தெரிந்தால் பிணைச்சலைக் கழற்றும் முன் தரையைச் சந்தேகியுங்கள்: தாழ்ந்த கதவுப் பக்கத்து முன்காலின் கீழ் மெல்லிய ஆப்பு வைத்தாலே கதவு மேலேறும்.

உயரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 78 அங்குல உயரமும் 22 அங்குல ஆழமுமுள்ள அலுமாரியைப் படுக்கவைத்துக் கட்டி நிமிர்த்த, 81 அங்குலத்துக்கு மேல் கூரை இடம் வேண்டும். தேக்கில் செய்தால் வெறும் அலுமாரியே 120 கிலோவைத் தாண்டும். லயன் அறையின் வாசலுக்கும் தோட்டத்துப் படிகளுக்கும் அது ஒத்துவராது. பக்கங்களை மேல் கீழ் பலகைகளோடு ஆப்பு அடித்து இறுக்கி, வேண்டும்போது கழற்றக்கூடிய கழுந்தாலோ போல்ட்டாலோ இணைத்து, அடிப்பீடத்தையும் மேல்விளிம்பையும் தனியாகச் செய்யுங்கள்.

பூச்சுக்கு, பனி மூடிய நாளில் லெக்கர் விசிறினால் வெண்படலம் பாயும். ஆளிவிதை எண்ணெய் வெளிப்பக்கத்துக்கு நல்லது. லாச்சிக்கும் உட்பக்கத்துக்கும் வேண்டாம், அங்கே அது பூஞ்சணத்துக்குத் தீனி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவையுங்கள். அடுத்தடுத்து ஒட்டிய லயன்களில் இதை மறக்கவே கூடாது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, கால்களுக்கும் சீமெந்துக்கும் இடையே இறப்பர்த் துண்டு வையுங்கள்.

இவ்வளவையும் ஒருவர் கவனமாகச் செய்தாலும், பலகை எப்போது அறுத்தது என்று தெரியாவிட்டால் பாதி உழைப்பு குருட்டு உழைப்பாகிறது. ஆகவே மரக்காலை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: அறுத்த மாதத்தையும் வருடத்தையும் மரத்தின் பெயரையும் பலகை முனையில் அழியாத மையால் எழுதுங்கள், ரசீதிலும் அதையே போடுங்கள். பெயின்ற் பூசிய முனையில் எழுத ஒரு நிமிடம் போதும். ஈரமானியும் ஒன்று வைத்திருந்து, கேட்கும் வாடிக்கையாளருக்கு அளந்து காட்டினால் இன்னும் நல்லது. பச்சைப் பலகையைப் பச்சை என்று சொல்லி விலை குறைத்து விற்றால் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அதை வாங்கி அடுக்கி வைத்துக் காத்திருக்கப் பொழுதுபோக்கு மரவேலைக்காரர்களுக்கு நேரமும் உண்டு, மனமும் உண்டு.

இப்படிக்கு,
மரவேலை ஆர்வலர்,
பண்டாரவளை.