தேதி போடும் மகளுக்கு

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

ராட்டர்டாமில் உனக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். எந்தச் சரக்கு எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறாள் என்றேன். "அப்போ நம்ம பனியன் கம்பெனிக்கு டேட் போடற ஆளு இனி இவதானா?" என்று கேட்டாள். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

2023 கடைசியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போயின. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பா போகும் நம் பெட்டிக்கு 10 முதல் 14 நாள் கூடிப்போனது. ஆனால் கடையில் துணி தொங்க வேண்டிய தேதி அப்படியேதான் இருந்தது. அந்த நாட்களை நம் தையல் நாட்களிலிருந்து பையர்கள், அதாவது நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. மார்ச் 20-ம் தேதி கொடுக்க வேண்டியதை 8-ம் தேதியே கொடு என்று ஒரு மெயில். துணி அப்போது சாயப்பட்டறையில் கிடந்தது. சாயம் ஏறும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. மிச்சம் இருந்தது கட்டிங், தையல், செக்கிங். ஒன்பது ராத்திரி தொடர்ந்து மெஷின் ஓடியது. கடைசி ராத்திரி செக்கிங் அக்கா ஒருத்தர், பிசிறு வெட்டும் கத்தரியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. ஆனால் எழுப்பினேன் கண்ணு. அது இன்னும் உறுத்துகிறது.

கொரோனாவுக்கு அப்புறம் எல்லோரும் கையிருப்பு வேண்டும், ஒரே நாட்டை நம்பக் கூடாது என்கிறார்கள். சரி, நியாயம்தான். அந்தக் கையிருப்புக்குப் பணம் போடுவது யார்? நூலுக்கு நான் உடனே காசு எண்ணி வைக்கிறேன். எனக்கு வர வேண்டியது சரக்கு கப்பல் ஏறி 90 நாள் கழித்து. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோதும், விலையைக் குறை என்ற பேச்சு முதலில் இங்கேதான் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். துணி எங்கே விளைந்த பஞ்சு, எங்கே சாயம் போட்டது என்பது போன்ற விவரங்களைச் சொல்லக்கூடிய டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டம் கொண்டுவந்திருக்கிறது அல்லவா? சின்ன வயதில், நூல் கோனுக்குள் ஒட்டியிருக்கும், எந்தத் தொகுதி நூல் என்று சொல்லும் லாட் சீட்டைப் பிய்த்து நோட்டில் ஒட்டிக்கொள்வாயே, அதே சீட்டை இப்போது தேதிவாரியாக ஃபைலில் வைக்கிறேன். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தண்ணீரைத் திரும்ப எடுக்க இந்த ஊர் எவ்வளவு செலவு செய்தது! பையர் கொடுக்கும் விலையில் அது ஏறவே இல்லை. பாஸ்போர்ட்டிலாவது ஏறட்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கப்பல் பத்து நாள் தாமதம் என்றால், கடைத் தேதியைத் தள்ள முடியுமா என்று உன் மேலாளரிடம் முதலில் கேள். முடியாது என்றால் தைக்கிறவருக்கு ஒரு போன் போட்டு, துணி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விசாரி. அதற்கப்புறம் தேதி போடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மா பருப்புப் பொடி அனுப்புகிறாள்.

அப்பா