கொல்லையில் கல் பாவுவது பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி, மாத்திரையை மட்டும் நடுவில் நிறுத்தாதே. அப்புறம் நீ கேட்ட விஷயம். புது வீட்டுக் கொல்லையில் கல் பாவ வேண்டும், மேஸ்திரி கான்கிரீட் போட்டு அதன்மேல் சிமென்ட் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்பேன்.

எங்கள் வீட்டுப் பின்னால் இருந்த பழைய சிமென்ட் தரை உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பங்கி மரத்து வேர் தூக்கி அது நாலாகப் பிளந்து, மழை வந்தால் தண்ணீர் அடுப்படி வாசல் வரை வந்து நிற்கும். அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு இந்த முறை மணலில்தான் பதித்தோம், கல்லுக்குக் கல் விரல் கனம் இடைவெளி, அதிலும் எம் சாண்டையே, அதுதான் கல்லை உடைத்துச் செய்கிற மணல், துடைப்பத்தால் கூட்டித் தள்ளியாயிற்று. மழைத்தண்ணீர் அந்த இடுக்கு வழியே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. 2024 கோடையில் இந்தப் பெங்களூர் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்தவளுக்கு இது பெரிய விஷயம். நாளைக்கு வேர் பருத்து ஒரு கல் எழும்பினாலும் அந்த ஒன்றை மட்டும் கடப்பாரையால் நெம்பி எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். இடுக்கில் புல் முளைக்கிறது, எறும்பு மணலை வெளியே தள்ளுகிறது, அதெல்லாம் உண்டு.

கல் சாதரஹள்ளிக் கல். தேவனஹள்ளிப் பக்கத்துச் சாம்பல் நிறக் கருங்கல், மேலே சொரசொரப்பாக இருக்கும்படி பார்த்து வாங்கினோம், வழுக்கி விழுந்தால் எலும்பு கூடாத வயதாயிற்றே. உன் வீட்டுக்காரர் கடப்பாக் கல் மலிவு என்கிறாராம். அது சுண்ணாம்புக்கல், எலுமிச்சைச் சாறு பட்டாலே தடம் விழும், பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் நுரைத்துவிடும். அதோடு விருதுநகர் வெயிலில் அந்தக் கறுப்புக் கல்மேல் மத்தியானம் வெறுங்காலோடு அவரையே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுடி, பிறகு பேசட்டும்.

எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், டெம்போக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டுவிட்டு அதே மூச்சில் நம்மிடம் தமிழில் டீ கேட்பார். 7 அங்குலம் தோண்டினார்கள். 4 அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் ஒரு அங்குலம் மணல், பிறகு 2 அங்குலக் கல். இரண்டடிக்கு இரண்டடி கல் ஒன்று 50 கிலோ வரும், இரண்டு ஆள் இல்லாமல் நகராது. வைத்ததும் ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார், எங்காவது பொள்ளென்று சத்தம் வந்தால் உடனே தூக்கச் சொல்லி அந்த இடத்தில் ஒரு கை மணல் தூவுவார், பிறகு மூலையில் ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பார். ரசமட்டத்தை அவர் எடுத்ததே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்க்கத்தான்: வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு 2 அங்குலம்.

ஆனால் இதை அப்படியே அங்கே செய்துவிடாதே. இங்கே செம்மண், உனக்குக் கரிசல். மழைக்கு உப்பி, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண்ணுக்கு 7 அங்குலம் எந்த மூலைக்கு? ஒன்றரை அடியாவது கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டித் திமிசு போட்டு ஏற்றச் சொல். நனைந்த கரிசல் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது, அதனால் வாட்டம் இன்னும் கொஞ்சம் கூட இருக்கட்டும். மேஸ்திரி கேட்டால் சொல், அந்த மண் அசைந்தால் அவருடைய கான்கிரீட்டும் விரியத்தான் போகிறது, அப்போது மொத்தத்தையும் உடைக்க வேண்டிவரும்.

கல் வந்து இறங்கும்போது நீயே டேப்போடு நில். எங்களுக்கு 2 அங்குலம் என்று காசு வாங்கிவிட்டு நடுநடுவே ஒன்றேகால் அங்குலக் கல்லைச் செருகி அனுப்பியிருந்தார்கள், இறக்குமுன் அளந்ததால் திருப்பி அனுப்ப முடிந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கப் பார். அவசரமில்லை என்றால் ஒருமுறை மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து, நேரில் மிதித்துப் பார்த்துவிட்டுப் போய் வேலையைத் தொடங்கு. வரும்போது சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, இவருக்குத் தெரியாமல்.

உன்
ஜெயா