குட்டி அணைகளையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மேட்டூர், பவானிசாகர் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், சரி. கோபி பக்கத்துக் குண்டேரிப்பள்ளம் மாதிரி சின்ன அணைகள் நிரம்பி வழியும் அன்றைக்குத்தான் செய்தியாகின்றன. குண்டேரிப்பள்ளத்துக்கு 42 அடி உயரம், சுமார் 2,500 ஏக்கர் பாசனம். மலையில் பெய்யும் மழையைக் காட்டுப் பள்ளங்கள் கொண்டுவந்து சேர்க்க, மதகைத் திறந்தால் மோட்டாரே இல்லாமல் வாய்க்கால் வழியாக வயலுக்கு ஓடிவிடும். ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு வராது, அப்புறம் வண்டல் சேரச் சேரக் கொள்ளளவும் குறையும், அதனால் அடிக்கணக்கை மட்டும் போட்டால் விவசாயிக்குப் பாதி விவரம்தான். எத்தனை நனைப்புக்கு, அதாவது எத்தனை முறை வயலுக்குப் பாய்ச்சத் தண்ணீர் கிடைக்கும், கடைமடைக்கு எப்போது முறை வரும் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, மண் அணையின் கரையில் மரம் வளர்ந்தால் பசுமை என்று படம் போடாதீர்கள். வேர் செத்து மட்கினால் அந்தத் துளை வழியே தண்ணீர் புகும். கரையடியில் கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அளவு கூடுகிறதா என்று கவனித்து வந்தால் போதும், கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

– பாசன விவசாயி ஒருவர், கோபிசெட்டிபாளையம் வட்டம்