பக்கத்து வீட்டு ஆல்ஃபா தாத்தாவுக்கும் அவரோட ப்ரதர்ஸுக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். விழா போட்டோ பாத்துட்டு நிறைய பேர் கேட்டுட்டீங்க, யாரு இந்த கறுப்பு சூட்டும் தங்கக் கலர் டையுமா நிக்கிற பெரியவங்க, அவங்க நடுவுல நீ எதுக்கு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நிக்கிறன்னு. தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதான் நன்றியையும் சேத்து இங்கயே எழுதிடறேன்.

நடுவுல உக்காந்திருக்கறவர் மேரிலேண்ட்ல எங்க பக்கத்து வீட்டுக்காரர். எங்க பசங்க அவரைத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. அலபாமாவுல ஒரு கறுப்பின காலேஜ்ல படிக்கறப்போ ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாங்கற ஃப்ரட்டர்னிட்டில, அதாவது அண்ணன் தம்பி மாதிரி பழகற ஆண் மாணவர் சங்கத்துல சேந்தவர், சேந்து அம்பது வருஷம் தாண்டிடுச்சு, அதுக்குத்தான் அவரோட சாப்டர், அதாவது உள்ளூர்க் கிளை, விழா எடுத்துச்சு. ஃப்ரட்டர்னிட்டின்னதும் பீர் பார்ட்டிதானேன்னு நானும் நினைச்சிருக்கேன். இவங்க கதை வேற. காலேஜ் முடிஞ்சதும்தான் வேலையே ஆரம்பிக்குது, எந்த ஊருக்குப் போனாலும் அங்க இருக்கற பழைய மாணவர் சாப்டர்ல சேந்துக்கணும், சந்தா கட்டணும், மீட்டிங் போகணும், சாகற வரைக்கும். தாத்தா ட்ரெஷரரா இருந்தார், ப்ரெசிடெண்டா இருந்தார், மறுபடி ட்ரெஷரர். ஏன் தாத்தா திரும்பவும்னு கேட்டா, கணக்கு எழுத வேற எவன் வருவான்னு சிரிப்பார்.

இது தொடங்கினது 1906 டிசம்பர் 4, நியூயார்க் மாகாணத்துல இத்தாக்கா ஊரு, கார்னெல் யூனிவர்சிட்டி. அதுக்கு முந்தி அங்க படிச்ச கறுப்பின மாணவர்கள்ல ஆறு பேர் அடுத்த வருஷம் திரும்பியே வரல. மிச்சம் இருந்தவங்க நாமளாச்சும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்குவோம்னு முதல்ல படிப்புக் குழுவாத்தான் கூடினாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் இந்த அமைப்பு. ஆரம்பிச்ச ஏழு பேரையும் இவங்க ஜுவல்ஸ், அதாவது ரத்தினங்கள்னு சொல்வாங்க, தாத்தா அந்த ஏழு பேரையும் வாய்ப்பாடு மாதிரி மூச்சு விடாம ஒப்பிப்பார்.

தாத்தா, என் பொண்ணுக்கு நீங்க செஞ்சதுக்குத்தான் முதல் நன்றி. பால்டிமோர்ல இருக்கற மேரிலேண்ட் யூனிவர்சிட்டி லா ஸ்கூலுக்கு அப்ளை பண்ணலாமா வேணாமான்னு அவ குழம்பிக் கிடந்தப்போ கிச்சன் டேபிள்ல உக்கார வச்சு ஒரு கதை சொன்னீங்க. டொனால்ட் மரேன்னு ஒரு பையன், ஆல்ஃபா ப்ரதர், கறுப்பர்ங்கற ஒரே காரணத்துக்காக அதே லா ஸ்கூல் அவனுக்கு சீட் இல்லன்னுடுச்சு, உங்க அமைப்பு அந்தக் கேஸைக் கையில எடுத்துச்சு, சார்ல்ஸ் ஹூஸ்டன்ங்கற கறுப்பின வக்கீல் கூட நின்னு வாதாடினது துர்குட் மார்ஷல், அவரும் ஆல்ஃபாதான். அவரோட சொந்த ஊரே பால்டிமோர், ஆனா அந்தக் கதவு அவருக்கும் மூடித்தான் இருந்துச்சு, அதனால வாஷிங்டன்ல ஹோவர்ட் யூனிவர்சிட்டில போய்ப் படிச்சார். 1936-ல மாகாண மேல்கோர்ட்டும் மரே பக்கமே தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்த மார்ஷல்தான் 1967-ல சுப்ரீம் கோர்ட்டோட முதல் கறுப்பின நீதிபதி. "அவ்ளோ பாடுபட்டுத் திறந்த கதவு, நீ ஃபார்ம் கூட போடமாட்டியா?"ன்னு கேட்டீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து எழுதிட்டா. இப்போ அங்கதான் படிக்கிறா.

பையனுக்கும் நன்றி சொல்லணும். ஸ்கூல் போ, காலேஜ் போன்னு 1922-லேர்ந்து ஆல்ஃபா நாடு முழுக்க நடத்தற திட்டம் ஒண்ணு இருக்கு, சனிக்கிழமை வகுப்புக்கு இவனையும் சேத்துக்கிட்டாங்க. டை கட்டறது, பெரியவங்களைக் கண்ணைப் பாத்துப் பேசறது, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பறது எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டான். ஷிஃப்ட் வேலை பாக்கற அம்மாக்களோட பசங்களை வீடு வீடாப் போய் கார்ல ஏத்திட்டு வந்தவங்கள்ல ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் ரிட்டயர்டு போஸ்ட்மேன். சாப்டர் ப்ரதர்ஸ் எல்லாருக்கும் என் கும்பிடு.

வாஷிங்டன்ல இருக்கற மார்ட்டின் லூதர் கிங் நினைவிடமும் இவங்க முயற்சிதான்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கிங் 1952-ல பாஸ்டன்ல படிக்கறப்போ ஆல்ஃபால சேந்தவர். நினைவிட யோசனையை ஆல்ஃபாக்காரங்க 1984-ல எடுத்தாங்க, 1996-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட அனுமதி, திறப்பு விழா 2011 அக்டோபர் 16. ஆகஸ்ட்லயே நடக்க வேண்டியது, புயல் வந்து தள்ளிப்போச்சு. அத்தனை வருஷமும் சர்ச் வாசல்ல நின்னு நன்கொடை செக் வாங்கி ரசீது கிழிச்சவங்கள்ல தாத்தாவும் ஒருத்தர். நாகர்கோவில்லேர்ந்து எங்கப்பா வந்தப்போ அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். கிங் 1959-ல எங்க கன்னியாகுமரிக்கு வந்தவர்னு அப்பா சொல்லவும் தாத்தா அவரை விடவே இல்ல, நான் மொழிபெயர்த்தே களைச்சுப் போனேன்.

ராகிங் இல்லையான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. இருந்துச்சு. 1990-ல பழைய ப்ளெட்ஜ் முறையையே, அதாவது புதுசா சேர்றவங்களைச் சோதனைக் காலம் வச்சு எடுக்கறதையே, எல்லா கறுப்பின ஃப்ரட்டர்னிட்டியும் நிறுத்தினாங்க, அப்புறமும் திருட்டுத்தனமா நடந்து பசங்க உயிரே போயிருக்கு. இதைப் பத்திப் பேச்செடுத்தா தாத்தாவுக்கு முகம் சிவந்துடும், அடிச்சு வர்றது அண்ணன் தம்பி உறவான்னு இளசுங்களை நேராவே திட்டுவார். அதை மூடி மறைக்காததுனாலயே எனக்கு அவர் மேல இன்னும் மரியாதை.

தாத்தாவோட வீட்டம்மா ஆன்ட்டிக்கு தனி நன்றி. அவங்க ஏகேஏ (ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா), அதாவது 1908-ல ஹோவர்ட்ல தொடங்கின சொராரிட்டி, பெண்களுக்கான இதே மாதிரி சங்கம். நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் சேந்ததும் அதுலதான். 2020-ல கமலா ஜெயிச்சதும் முத்துமாலையும் பிங்க் பச்சை ட்ரெஸ்ஸுமா எங்க வீட்டுக் கதவைத் தட்டி, நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டான்னு என்னைக் கட்டிக்கிட்டாங்க. நம்ம பொண்ணுன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட்டோம், அதுல தப்பே இல்ல.

விழாவுக்கு மெதுவடை சுட்டு சூடா இறக்கின தோழிங்களுக்கும், சாம்பார் அண்டாவைத் தூக்கிட்டு வந்த அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. வடை முதல் ரவுண்டுலயே காலி, ரெசிபி கேட்டு ப்ரதர்ஸ்கிட்டேர்ந்து இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு, தாத்தா ஓய்வெல்லாம் எடுக்கல. வர்ற சனிக்கிழமை காலையில லைப்ரரி வாசல்ல வாக்காளர் பதிவு மேஜை போடறார், ஃபார்ம் நிரப்பித் தர ஆள் பத்தலையாம். தமிழ், ஸ்பானிஷ் எது தெரிஞ்சாலும் வாங்க, வர்றவங்க எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, காபி நான் கொண்டு வரேன்.