கூஸ்நெக் டிரெய்லர் வாங்குமுன் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கட்டுமானம், தோட்டப் பராமரிப்பு, பண்ணை, இயந்திர வாடகை என்று சொந்தத் தொழிலில் இறங்கும் தமிழர்கள், பிக்கப் டிரக்குக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை போட்டு வாங்குவது டிரெய்லரைத்தான். சுமை குறைவாக இருக்கும்வரை டிரக்கின் பின்புறக் கொக்கியில் மாட்டும் டிரெய்லரே போதும். ஸ்கிட் ஸ்டியர் என்னும் சிறிய மண்வாரி இயந்திரம், சிறிய எக்ஸ்கவேட்டர், டிராக்டர் என்று ஏற்றும் பொருள்கள் கனக்கத் தொடங்கியதும், டிரக்கின் சரக்குத் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பொருத்தப்பட்ட உருண்டை வடிவ இணைப்புக் குண்டின்மீது கழுத்தை நீட்டி உட்காரும் கூஸ்நெக் டிரெய்லருக்கு மாற வேண்டியிருக்கிறது. அப்படி மாறும்போது விலை, தளத்தின் நீளம், வண்ணம் ஆகிய மூன்றை மட்டும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மவர்களிடையே இருப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பல்லாயிரம் பவுண்டு எடையோடு நெடுஞ்சாலையில் ஓடப்போகும் ஒரு பொருளை இவ்வளவு மேலோட்டமாகப் பார்த்து வாங்குவது ஆபத்தானது என்பதால் இதை எழுதுகிறேன்.

விற்பனைக்கு நிற்கும் டிரெய்லர் என்றால் அதை அரசு சோதித்துத்தான் அனுப்பியிருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. அமெரிக்கச் சட்டத்தின்படி, தன் டிரெய்லர் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்கு இணங்கியது என்று உற்பத்தியாளரே தனக்குத்தானே சான்றளித்துக்கொள்கிறார். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விற்பனைக்கு முன் எந்த டிரெய்லரையும் பார்த்து ஒப்புதல் தருவதில்லை. அந்தத் தரங்களும் விளக்குகள், பிரதிபலிப்பான்கள், டயர், ரிம், கனமான டிரெய்லர்களுக்கான பின்புறத் தடுப்பு போன்றவற்றைப் பற்றித்தான் பேசுகின்றனவே தவிர, சட்டகத்தை எந்தத் தடிமனில் கட்ட வேண்டும், எப்படிப் பற்றவைக்க (வெல்டிங் செய்ய) வேண்டும் என்று சொல்வதில்லை. டிரெய்லர் உற்பத்தியாளர்களின் தேசியச் சங்கம் தன் உறுப்பினர்களின் தொழிற்சாலைக்கு ஆட்களை அனுப்பி, கூட்டாட்சித் தரங்களைக் கடைப்பிடிப்பதற்கான நடைமுறைகள் அங்கே இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அந்தச் சங்கத்தின் ஒட்டுவில்லை இருப்பது நல்ல அறிகுறிதான். ஆயினும் உங்கள் முன் நிற்கும் டிரெய்லரின் ஒவ்வொரு வெல்டிங் பற்றையும் எவரோ பார்த்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. பார்க்க வேண்டியவர் வாங்குபவர்தான்.

முதலில் சான்றுத் தகட்டைத் தேடுங்கள். டிரெய்லரின் இடப்பக்கத்தில், முன்பாதியில், எதையும் கழற்றாமல் வெளியிலிருந்தே படிக்கும்படி அது இருக்க வேண்டும் என்பது விதி. தயாரித்த மாதமும் ஆண்டும், 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வின் எனப்படும் வாகன அடையாள எண், சுமையோடு சேர்த்து டிரெய்லர் தாங்கக்கூடிய மொத்த எடை, ஒவ்வொரு ஆக்சிலும் தாங்கும் எடை, டயர் அளவு ஆகியவை அதில் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெறும் டிரெய்லரின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. மொத்தம் 14,000 பவுண்டு, வெறும் எடை 6,000 பவுண்டு என்றால் மிஞ்சுவது 8,000 பவுண்டுதான். விற்பனையாளர் வாயால் சொல்லும் கணக்கும் தகட்டில் உள்ள எண்ணும் பொருந்தவில்லையென்றால், தகட்டையே நம்ப வேண்டும். தகடே இல்லாத டிரெய்லரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.

சட்டகத்தைப் பொறுத்தவரை, "12 அங்குல ஐ-பீம்" (ஆங்கில I எழுத்தின் வடிவில் குறுக்குவெட்டுள்ள நீண்ட உத்தரம்) என்று சொன்னவுடன் மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. ஓர் அடி நீளத்துக்கு அந்த பீம் எத்தனை பவுண்டு எடை என்பதே முக்கியமான கேள்வி. அடிக்கு 14 பவுண்டு எடையுள்ள 12 அங்குல பீமும், 19 பவுண்டு எடையுள்ள 12 அங்குல பீமும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதன் மேல்கீழ்ப் பட்டைகளின் தடிமன் 0.225 அங்குலம், பின்னதன் தடிமன் 0.350 அங்குலம், வளைவைத் தாங்கும் திறனில் பின்னது 40 சதவீதத்துக்கும் மேல் வலுவானது. எல்லாருக்கும் கனமான பீம் தேவை என்று நான் சொல்லவில்லை, ஏனெனில் சட்டகத்தில் கூடும் ஒவ்வொரு பவுண்டும் ஏற்றும் சுமையில் குறைகிறது. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய்ப் பட்டையின் விளிம்பில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அதேபோல, தளத்துக்குக் கீழே ஓடும் குறுக்குச் சேனல்கள் 16 அங்குல இடைவெளியில் இருக்கின்றனவா, 24 அங்குல இடைவெளியில் இருக்கின்றனவா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். சக்கரமோ இரும்புப் பட்டைச் சங்கிலியோ ஓரிடத்தில் அழுத்தும் இயந்திரங்களை ஏற்றுபவர்களுக்கு இந்த வேறுபாடு பலகை உடைவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

இனி வெல்டிங். இதற்காக டார்ச்சும் பழைய போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். டிரெய்லருக்குக் கீழே படுத்து, கழுத்து தளத்தோடு சேரும் மூலை, ஸ்பிரிங் தாங்கிகள், குறுக்குச் சேனல்கள் பீமைத் தொடும் இடங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல பற்று மீன் செதில் அடுக்கியதுபோல் ஒரே அகலத்தில், சீரான அலைகளோடு இருபுற உலோகத்திலும் கலந்து இறங்கியிருக்கும். கெட்ட பற்றைக் கண்டுபிடிக்கப் பட்டறை அனுபவம் தேவையில்லை. பற்றின் ஓரம் நெடுக பீமின் உலோகமே கரைந்து பள்ளம் விழுந்திருந்தால், அந்த இடத்தில் பீமின் தடிமன் குறைந்துவிட்டது என்று பொருள். ஊசித் துளைகள் தெரிந்தால், பற்றவைக்கும்போது பாதுகாப்பு வாயு சரியாக மூடவில்லை அல்லது உலோகம் அழுக்காக இருந்தது என்று பொருள். எல்லாவற்றிலும் மோசமானது, உருகிய உலோகம் பக்கத்து உலோகத்தோடு கலக்காமல் அதன்மேல் உருண்டு உட்கார்ந்திருப்பது. வெளியே தடிமனாகவும் வலுவாகவும் தோன்றும், உள்ளே பிடிப்பே இருக்காது. நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் விளிம்பு தட்டுப்படும்.

ஒரு விற்பனை முற்றத்தில் நான் பார்த்த புதிய டிரெய்லர் ஒன்றில், பின் ஸ்பிரிங் தாங்கியின் முன்பக்கம் அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தில், வெல்டிங் கோல் நுழையச் சற்று இடைஞ்சலான இடத்தில், இரண்டு புள்ளிகள் மட்டுமே இருந்தன. இடையில் இருந்த வெற்றிடத்தைக் கறுப்பு வண்ணம் மூடியிருந்தது. நின்றுகொண்டு பார்த்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்காது. வண்ணப்பூச்சு குறையை மறைக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: உள்ளே பற்றுத் தெறிப்புகள் சிறு குருணைகளாகத் தங்கியிருக்க அவற்றின்மேலேயே பூசப்பட்டிருந்தால், அந்தப் பட்டறையில் பூசுவதற்கு முன் உலோகத்தைச் சுத்தம் செய்யவில்லை. உப்புத் தூவும் குளிர்காலச் சாலைகளில் ஓடப்போகும் டிரெய்லருக்கு இது சிறு குறையன்று. கழுத்துக்கும் ஆக்சில்களுக்கும் நடுவே பீமின் கீழ்ப்பட்டை எப்போதும் இழுவிசையில் இருக்கும் பகுதி. அங்கே குறுக்காகப் பற்றவைத்திருந்தாலோ, கம்பி போக நெருப்பால் கிழித்த துளை முரடாக விடப்பட்டிருந்தாலோ, திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் உண்டாகும் சோர்வு விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

டிரக்கின் குண்டைக் கவ்வும் கப்ளரில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் உட்குழாயை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளுக்குப் பூட்டு நட்டு இருக்கிறதா, தாழ்ப்பாளின் முள் முழுமையாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். கூஸ்நெக்குகளில் 2 5/16 அங்குலக் குண்டே வழக்கம். பாதுகாப்புச் சங்கிலிகளின் கொக்கிகளில் தாழ் இருக்க வேண்டும்.

டயர்களில் பல தயாரிப்பாளர்கள் கடைசிப் பவுண்டு வரை கணக்குப் பார்க்கிறார்கள். தலா 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்சில்கள் கொண்ட டிரெய்லருக்கு எஸ்டி 235/80ஆர்16 அளவில் 'ஈ' சுமைவரிசை (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எழுத்து) டயர் போட்டிருந்தால், 80 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 3,520 பவுண்டு. நான்கும் சேர்ந்து 14,080. அதாவது உபரி வெறும் 80 பவுண்டு. கொஞ்சம் காற்று இறங்கினாலோ, சுமை ஒருபக்கம் சாய்ந்தாலோ அந்த உபரி போய்விடும். அதே அளவில் 'ஜி' சுமைவரிசை டயர் 110 பிஎஸ்ஐயில் 4,400 பவுண்டு தாங்கும். அந்த அழுத்தத்தை ரிம்மும் தாங்கும் என்று உறுதிசெய்துகொண்டு, கூடுதல் விலை கொடுத்தாவது அதைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை. டயர்ச் சுவரில் உள்ள டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். முற்றத்தில் வெயிலில் நெடுநாள் நின்ற டிரெய்லரின் "புதிய" டயர் உண்மையில் எவ்வளவு பழையது என்பது அதில் தெரிந்துவிடும்.

பிரேக் எல்லா ஆக்சில்களிலும் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்று வணிக வாகனங்களுக்கான கூட்டாட்சி விதி சொல்கிறது. டிரக்கிலிருந்து மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த அமைப்பின் முள்ளை விற்பனையாளர் முன்னிலையிலேயே இழுத்து, டிரெய்லரை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். சக்கரங்கள் தடையின்றி உருண்டால், பேட்டரியோ இணைப்போ சரியில்லை. கம்பிகள் குழாய்க்குள் போகின்றனவா, சட்டகத் துளைகளின் கூரிய விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் கீழே படுத்திருக்கும்போதே பார்த்துவிடலாம். அகலம் 80 அங்குலமோ அதற்கு மேலோ இருந்து, மொத்த எடையும் 10,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் டிரெய்லரில் சிவப்பு-வெள்ளைப் பிரதிபலிப்புப் பட்டை கட்டாயம்.

டிரெய்லர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிரக் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பயனில்லை. கூஸ்நெக்கில் டிரெய்லரின் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் தொட்டியில் இறங்குகிறது. 14,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,800 முதல் 3,500 பவுண்டு. ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியுள்ள சுமை அளவில், ஆட்களின் எடையோடு இதுவும் அடங்க வேண்டும். இழுக்கும் திறனை மட்டும் விளம்பரத்தில் படித்துவிட்டு இதை மறப்பவர்கள் பலர். டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேற்பட்டு, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து தாங்கக்கூடியதாக உற்பத்தியாளர் குறித்த மொத்த எடை 26,001 பவுண்டையோ அதற்கு மேலோ எட்டினால், தொழிலுக்காக ஓட்டுபவருக்கு ஏ வகை வணிக ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும்.

சில விற்பனையாளர்கள் டிரெய்லருக்குக் கீழே படுத்துப் பார்ப்பதை விரும்புவதில்லை. காப்பீடு அனுமதிக்காது, நேரமில்லை என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நல்ல விற்பனையாளர் தானே டார்ச் எடுத்துத் தருவார். கண்ட குறைகளைப் பணம் கொடுக்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்து, சரிசெய்த பின் மீண்டும் பார்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். "பிறகு கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கை ஏற்கக் கூடாது. சட்டகத்துக்கும் ஆக்சிலுக்கும் உத்தரவாதம் தருபவர் ஒருவரா, வெவ்வேறு நிறுவனங்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. எடுத்துவந்த பிறகு முதல் 10, 25, 50 மைல்களில் சக்கர நட்டுகளைத் திருகுவிசை ஸ்பேனரால் மறுபடியும் இறுக்க வேண்டும். புதிய சக்கரங்களில் நட்டுகள் தளர்வது இயல்பு.

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதி கார்களுக்கு நிறைய இடம் ஒதுக்குகிறது. சுமை டிரெய்லர்களை நம்பிப் பிழைக்கும் சிறுதொழில் குடும்பங்களுக்காகவும் அதே பக்கத்தில் இடம் ஒதுக்கி, பற்றவைப்பு ஆய்வில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு, நல்ல பற்றையும் கெட்ட பற்றையும் அருகருகே படம் பிடித்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்