நம் தெருச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25 (மயிலாப்பூர்)

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நான் அதற்குள் போகவில்லை. இந்த ஆண்டு தெருவில் நடந்ததையும், இன்று நீங்கள் முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயத்தையும் சொல்கிறேன்.

முதலில் இடிப்பு. திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்றும், எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி பிளாட் ஒன்றும் இந்த ஆண்டு போய்விட்டன. இன்னும் சில பிளாட்களில் பில்டர்களோடு பேச்சு நடக்கிறது. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி, இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். லிப்ட் கிடையாது, கம்பி துருப்பிடித்துக் காரை கொட்டுகிறது, ஆனாலும் ஒரே ஒருவர் மறுத்ததால் மற்றவர்கள் வருடக்கணக்கில் அதிலேயே கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் இந்தச் சட்டம் தேவைதான் என்பது என் எண்ணம். ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் தெருவில் அது பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்கள். கட்டி முடிகிற வரை எங்கே போய் இருப்பது, கோயிலுக்கும் டாக்டரிடமும் நடந்தே போகிற தூரத்தில் வீடு கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வெளியே குடியிருக்கும் காலத்துக்கான வாடகையை, இத்தனை மாதம் என்று இல்லாமல், சாவி கைக்கு வரும் வரை பில்டர் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புது பிளாட்டின் சதுர அடியோடு, நிலத்தில் உங்கள் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு குறைகிறது என்பதையும் கேளுங்கள்.

அடுத்து தண்ணீர். ஒரு கட்டுமான இடத்தில் கீழ்த்தளத்துக்குப் பள்ளம் தோண்டியபோது ராப்பகலாக மோட்டார் போட்டு ஊற்றுநீரை மழைநீர் வடிகாலில் விட்டார்கள், பக்கத்து வீட்டுக் கிணறுகள் மளமளவென்று இறங்கின. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நல்ல தண்ணீரை இப்படி இறைத்துக்கொண்டே போனால் உப்புநீர் உள்ளே ஏறும். நேரில் போய்ப் பேசிய பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைப் பக்கத்து உறைகிணற்றுக்குத் திருப்பச் சம்மதித்தார்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் குழாய் இருக்கிறதே தவிர அது போய்ச் சேரும் குழி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. ஐப்பசிக்கு முன் தூர் எடுத்துவிடுங்கள். பழைய கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள், மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விடலாம். வாசல் முழுக்க சிமென்ட் கல் பாவாமல் ஒரு பாத்தி அளவாவது மண்ணை விட்டுவையுங்கள்.

மெட்ரோ பற்றிப் பலர் கேட்கிறீர்கள். மாதவரம்–சிப்காட் தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் திருமயிலையில் சந்திக்கின்றன, வேலை பெரியது, வண்டிகள் மாற்றுப்பாதையில் வருவது இன்னும் தொடரும். சுவரில் புதிதாக விரிசல் கண்டால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், சங்கத்தின் மூலம் சேர்த்துக் கொடுப்போம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூர் மாறுவது புதிதில்லை. கடற்கரையில் இருந்த பழைய கோயில் 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, இப்போதைய கபாலீசுவரர் கோயில் உள்ளே தள்ளி எழுந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். சம்பந்தர் பாடிய பங்குனி விழாவை அதற்குப் பிறகும் இந்த ஊர் ஜனங்கள் விடாமல் நடத்தினார்கள். இந்த ஆண்டு அறுபத்துமூவர் அன்று நம் நீர்மோர்ப் பந்தலில் காலையிலிருந்து நின்றவர்கள் யார்? பாதிப் பேர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர், முனையில் பூக்கட்டுகிற அம்மா, இரண்டு வருடம் முன்பு குடிவந்த ஐடி பசங்க. மழைநாளில் அடைப்பு எடுக்க ஓடி வந்தவர்களும் இவர்கள்தான். இவர்களில் ஒருவருக்கும் நம் சங்கத்தில் ஓட்டு இல்லை, விதியில் “வீட்டு உரிமையாளர்” என்று இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்களில் பலர் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு ஆள் சேர்வதே கஷ்டமாக இருக்கிறது. தெருவை நடத்துகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு இதைக் குடியிருப்போர் சங்கம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனவே நிர்வாகக் குழு கொண்டுவரும் தீர்மானம்: ஓராண்டுக்கு மேல் இந்தத் தெருவில் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எவரும் முழு உறுப்பினராகலாம், ஓட்டு உண்டு, சந்தா எல்லோருக்கும் ஒன்றே. சொத்து தொடர்பான தீர்மானங்களில் உரிமையாளர்கள் மட்டும் ஓட்டுப் போடுவார்கள். எதிர்ப்பவர்கள் இருப்பது தெரியும், அவர்கள் முதலில் பேசட்டும், பிறகு வாக்கெடுப்பு. நிறைவேறினால் உறுப்பினர் படிவம் இன்று மாலையே இஸ்திரி வண்டியில் கிடைக்கும்.

– செயலாளர்